கலைச்சொல் விவாதம்: ‘ஸ்டார்ம்வாட்டர் ரன்ஆஃப்’ தமிழில் எது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பிறைத் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வாழ்வோருக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பேரங்காடி, கிடங்கு, தொழிற்சாலை ஆகியவற்றின் கூரையிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழுந்து, மண்ணில் இறங்க வழியின்றி லோங்காங்குக்கு (தெருவோரக் கால்வாய்க்கு) ஓடும் மழைநீருக்கு வளாகத்தின் உடைமையாளரை எப்படிப் பொறுப்பாக்குவது என்பதே அதன் பொருள்.

முதல் இயல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைப் பற்றியது. சார்ல்ஸ், மிஸ்டிக், நெபொன்செட் ஆகிய மூன்று ஆறுகளின் வடிநிலங்களில், ஓர் ஏக்கரோ அதற்கு மேலோ கான்கிரீட், தார், கூரை ஆகியவற்றால் மூடப்பட்ட வணிக, தொழில், நிறுவன வளாகங்கள் பெர்மிட் பெற வேண்டும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 அக்டோபரில் ஒரு வரைவை வெளியிட்டது. இரண்டாம் இயல் நம் மலேசிய வடிகால், நீர்ப்பாசனத் துறை வெளியிட்ட ‘மஸ்மா’ என்னும் மழைநீர் மேலாண்மைக் கையேட்டைப் பற்றியது. இப்படி ஓடும் மழைநீரைக் குறிக்கும் ‘ஸ்டார்ம்வாட்டர் ரன்ஆஃப்’, நீரை உள்ளே விடாத கான்கிரீட், தார், கூரை போன்றவற்றைக் குறிக்கும் ‘இம்பெர்வியஸ் சர்ஃபேஸ்’ ஆகிய இரண்டுக்கும் சொல் வேண்டும். முன்பு ஒருவர் செய்துவைத்த வரைவில் ‘புயல்நீர் ஓட்டம்’ என்றிருக்கிறது. புயலை அரிதாகவே காணும் ஊரில் இதைப் படிப்பவர்கள் என்னவென்று எண்ணுவார்கள்?

ஜார்ஜ்டவுனிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்று குறுந்தொகை சொன்னது எதை? வானிலிருந்து தெளிந்து விழும் நீர், தான் விழுந்த நிலத்தின் நிறத்தை ஏற்றுக்கொள்கிறது. தொழிற்சாலை முற்றத்தில் விழுந்த மழை எண்ணெயின் நிறத்தை ஏற்பதும் அதே நிகழ்ச்சிதான்.

அடுத்து, ‘வானின்று அமையாது ஒழுக்கு’ என்ற குறளைப் பாருங்கள். ஒழுக்கு என்பதை ஒழுக்கம் என்று கொள்வாரும் உண்டு. பரிமேலழகரோ நீர் இடையறாது ஒழுகும் ஒழுக்கு என்றே உரை கண்டார். ஒழுகு என்னும் வினையிலிருந்துதான் ஒழுக்கம், ஒழுங்கு, ஒழுகலாறு எல்லாம் கிளைத்தன. நீரின் ஒழுக்கை ஒழுங்குபடுத்துவது பற்றிய நூலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்குமா? ‘பெயலொழுக்கு’ என்று முன்மொழிகிறேன்.

பாயான் லெப்பாஸிலிருந்து பொறியாளர்:

ஐயா, உங்கள் வேர்ச்சொல் ஆய்வை மிகவும் சுவைத்தேன். ஆனால் ‘ஒழுக்கு’ என்றதும் எங்கள் தாமானில் எல்லாரும் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். தொழிற்சாலையில் ஓடு மாற்றச் சொல்கிறார்கள் என்றே கையேட்டைப் புரிந்துகொள்வார்கள்.

‘பெயல்நீர்’ மீது எனக்கு வேறொரு தடை இருக்கிறது. பெயல் என்பது விழுவது. சட்டம் கணக்கில் கொள்வது ஓடுவதை. ‘மழை இறைவன் கொடுத்தது, அதற்கு நான் எப்படிப் பொறுப்பு’ என்பதே வளாக உடைமையாளர்கள் எங்கும் சொல்லும் முதல் வாதம். அமெரிக்காவில் 1972-இன் தூய்மைநீர்ச் சட்டம் குழாய்வழி வரும் ஆலைக்கழிவை முதலில் பிடித்துக்கொண்டது. மழை அடித்துச் செல்வதை உரிம முறைக்குள் தெளிவாகக் கொண்டுவர 1987-இன் திருத்தம் தேவைப்பட்டது. ஆகவே நம் சொல்லிலேயே ‘இது உன் வளாகத்திலிருந்து போவது’ என்ற பொருள் ஒலிக்க வேண்டும்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிடங்கு முற்றத்தின் வடிகால் வாயில் மழை தொடங்கும்போது நின்று பார்த்தால், முதலில் இறங்கும் நீர் கறுப்பாக, டயர்த்தூளும் சிகரெட் துண்டுகளும் மிதக்க, மேலே எண்ணெய்ப் படலம் வானவில்லாக விரிய வரும். மழை நீடிக்க நீடிக்க அது தெளிந்துவிடும். மாசின் பெரும்பங்கு அந்த முதற்கழுவலில்தான் இருக்கிறது. அளவும் சிறிதன்று: ஓர் ஏக்கர் தார்த்தரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 100,000 லிட்டர் நீர் புறப்படும். பினாங்கில் ஒரு பிற்பகல் மழைக்கு அது பெரிய காரியமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஆசிரியை:

என் மாணவர்களுக்கு மலாய்ப் பாடநூலின் ‘ஆயர் லாரியான்’ தெரியும். ஓடும் நீர் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால் ‘ஓடுநீர்’ என்றால் ஆறும் ஓடுநீர்தானே? ‘வடிநீர்’ என்றால் சோற்றுக்கஞ்சிதான் அவர்கள் நினைவுக்கு வருகிறது. மேலும், வடிப்பது தெளிவிப்பது என்ற பொருளையும் தரும், இங்கே நடப்பதோ அதற்கு நேர்மாறு. ‘கழிவுநீர்’ என்றால் கழிப்பறைக் குழாயோடு குழம்பிவிடும். ஆகவே ‘மழை வழிநீர்’ என்கிறேன். வழிவது என்றால் இடம்கொள்ளாமல் வெளியேறுவது. மண் குடிக்க மாட்டாமல் வெளியேறும் நீருக்கு அது பொருந்தும்.

கோலாலம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

முதலில் ஒரு வேண்டுகோள். தமிழ்க் கையேட்டில் லோங்காங் என்று எழுதாதீர்கள். வடிகால் என்ற நல்ல சொல் இருக்கிறது.

ஏரிப் பாசனம் செய்த இனத்துக்கு நீர்ச்சொற்களில் பஞ்சமில்லை. மதகு, தூம்பு, கலிங்கு, மறுகால் என்று வரிசையாக இருக்க, ‘வழிநீர்’ என்று புதிதாக ஏன் ஒட்டுப்போட வேண்டும்? ‘மறுகால்’ என்றாலே மிகுநீர் வெளியேறும் வழிதான். நெல்லைச் சீமையில் மறுகால்குறிச்சி என்று ஊர்ப்பெயரே உண்டு. ‘ஆகாறு அளவிட்டிதாயினும்’ என்ற குறளில் பொருள் செலவாகிப் போகும் வழியைச் சொல்லும் ‘போகாறு’ கூட இங்கே பொருந்தும். பணத்துக்குச் சொன்னது நீருக்கு ஆகாதா?

பட்டர்வொர்த் ஆசிரியை:

ஐயா, மறுகால் பாய வேண்டுமானால் முதலில் குளம் நிறைய வேண்டும். இந்த வளாகங்களில் குளமே இல்லை என்பதுதானே குறை?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:

அக்கா சொன்னது மஸ்மாவின் சாரத்தையே தொட்டுவிட்டது. 2001 முதல் நடைமுறைக்கு வந்து, 2012-இல் இரண்டாம் பதிப்பு கண்ட அந்தக் கையேட்டின் அடிப்படை இதுதான்: கட்டடம் எழுந்த பிறகு அந்த நிலத்திலிருந்து வெளியேறும் உச்ச நீரோட்டம், அது எழுவதற்கு முன் இருந்ததை மிஞ்சக்கூடாது. அதற்காகவே வளாகத்துக்குள் தேக்குதொட்டியோ குளமோ அமைத்து, நீரைப் பிடித்துவைத்து மெல்ல விட வேண்டும். அந்தத் தொட்டி நிரம்பி வெளியேறும் வழிக்கு ‘மறுகால்’ என்று தாராளமாகப் பெயரிடுவோம். தொட்டி கட்டாதவனின் நீருக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

பிறை மொழிபெயர்ப்பாளர்:

‘இம்பெர்வியஸ் சர்ஃபேஸ்’ அப்படியே நிற்கிறது. ‘நீர்புகாப் பரப்பு’ என்று எழுதிவிடலாமா? இன்று புதன்கிழமை என்பதை நினைவூட்டுகிறேன்.

கோலாலம்பூர் உறுப்பினர்:

கூடவே கூடாது. நீர்புகாக் கடிகாரம் கேட்டுப் பழகியவர்களுக்கு, நீர்புகாப் பரப்பு என்றால் வெள்ளம் வராத இடம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்தவரிடம் இந்தச் சொல்லை நீட்டினால் என்ன சொல்வார்? ‘நீர் இறங்காத் தரை’ என்று எழுதுங்கள். இதில் நான் தூய்மை பேசவில்லை, எவருக்கும் புரியும்.

ஜார்ஜ்டவுன் தமிழாசிரியர்:

‘நீர் இறங்காத் தரை’ இலக்கணத்துக்கும் காதுக்கும் இசைவாக இருக்கிறது; ஏற்கிறேன். ‘வழிநீர்’ பற்றி ஒரே ஒரு சொல். வினைத்தொகையாகக் கொண்டால் வழிந்த, வழிகின்ற, வழியும் நீர் என முக்காலமும் அடங்கும். காலம் கரந்த பெயரெச்சம் சட்டத்துக்கு உதவும் என்பதையும் ஒப்புகிறேன். ஆனால் வழியைப் பெயராகப் படிப்பவர், வழியில் கிடக்கும் நீர், அதாவது சாலைக்குட்டை என்று கொள்வார். அப்போது யார் விளக்குவார்?

பிறை மொழிபெயர்ப்பாளர்:

அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டார்கள். குழுவில் பெரும்பான்மையோர் ‘மழை வழிநீர்’ பக்கம் இருக்கிறார்கள். அதையே வைத்துக்கொண்டு, முதலில் வரும் இடத்தில் ‘ஒரு வளாகத்தின் கூரையிலும் தரையிலும் இருந்து வழிந்து வடிகாலில் சேரும் மழைநீர்’ என்று விளக்கம் தருகிறேன். லோங்காங்கை உடல்பகுதியிலிருந்து எடுத்துவிட்டேன். படத்தின் கீழே மட்டும் விட்டிருக்கிறேன், ஏனெனில் முறையீடு செய்ய மாநகர் மன்றத்துக்கு அழைப்பவர்கள் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள்.

ஜார்ஜ்டவுன் தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்கவில்லை. ‘பெயலொழுக்கு’ என் மாற்றுக் கருத்தாகப் பதிவாகட்டும்.

ஆனால் தம்பி, ‘பெர்மிட்’ என்பதை ‘உரிமம்’ என்று ஆக்கியிருக்கிறீர்கள் என்று பார்த்தேன். உரிமை விலைக்கு வாங்கியாயிற்று, இனி ஜூரு ஆற்றில் எதை விட்டால் என்ன என்று ஆலைக்காரர் எண்ணிவிட மாட்டாரா? ‘இசைவாணை’ என்றால் நிபந்தனையும் சேர்ந்து ஒலிக்கும். அச்சேறுவதற்கு முன் இதையும் குழு பார்த்துவிடுவது நல்லது.