போனில் செயற்கைக்கோள் படம் பார்ப்பது எப்படி?

திருமங்கலத்துக்காரன்:
நேற்று சாயங்காலம் இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் படத்தைப் போனில் பார்த்தால் மதுரைக்கு மேலே பால் ஊற்றியது மாதிரி ஒரே வெள்ளை, சரி கொட்டப்போகிறது என்று காயப்போட்ட நெல்லை அள்ளி மூடினேன், ஒரு சொட்டு கூட விழவில்லை. படம் பொய்யா, நான் பார்த்தது தப்பா?

நாகமலை:
அண்ணே, நீங்கள் பார்த்தது அகச்சிவப்புப் படமாக, அதாவது வெப்பத்தை வைத்து எடுக்கும் படமாக இருக்கும். அதில் வெள்ளை என்றால் மேகத்தின் உச்சி குளிர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், மழை என்று அல்ல. உயரத்தில் பஞ்சு மாதிரி மெல்லிசாகப் பரவும் கீற்று மேகமும் பளிச்சென்று வெள்ளையாகத்தான் தெரியும். பகலில் அதே நேரத்து விசிபிள் படத்தையும் (சூரிய வெளிச்சத்தில் எடுப்பது) பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டிலும் வெள்ளையாக, திரண்டு இருந்தால் நெல்லை அள்ளலாம். ராத்திரி விசிபிள் இருட்டாகிவிடும், அது வேறு.

திருமங்கலத்துக்காரன்:
படத்தில் 11:30 என்று இருந்தது தம்பி, நான் பார்த்ததோ சாயங்காலம் ஆறு மணிக்கு. பழைய படமோ?

நாகமலை:
இல்லை, அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு 5:30 கூட்டுங்கள், சாயங்காலம் 5 மணி வரும்.

மேலூர் மொட்டைமாடி:
நடுவில் ஒரு சந்தேகம். போனில் நிலாவை எடுத்தால் வெள்ளைத் தட்டாக வருகிறது, எந்த ஆப்பில் போட்டாலும் பள்ளம் தெரியவில்லை.

நாகமலை:
வெளுத்துப்போனதை எந்த ஆப்பும் மீட்காது. எடுக்கும்போதே நிலாவைத் தொட்டு வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள். பௌர்ணமி வேண்டாம், அரை நிலாவில்தான் நிழல் விழுந்து பள்ளங்கள் தெரியும். அப்புறம், வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை வைத்து ஆராயாதீர்கள்.