மாமியாருக்கு மறதியும் மந்தமும்: உடல் பருமன்தான் காரணமா? எடையைக் குறைத்தால் சரியாகுமா?

பவித்ரா_எம் (கேள்வி)

மாமியாருக்கு 69 வயது. உயரம் 154 செ.மீ., எடை 78 கிலோ, இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் பல வருஷமாகப் போடுகிறார். பிபி மாத்திரையும் உண்டு. ஆறேழு மாதமாக எதையும் யோசித்துச் செய்வதில் மந்தம். வீட்டுக் கணக்கு எழுத முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. காலை மாத்திரை போட்டாச்சா இல்லையா என்று அவருக்கே தெரிவதில்லை. பழைய விஷயங்களை மட்டும் பிசகாமல் சொல்வார். ராத்திரி பலமான குறட்டை, பகலில் உட்கார்ந்தபடியே தூக்கம். இதே காலத்தில் எந்த டயட்டும் இல்லாமல் 83 கிலோவிலிருந்து 78-க்கு இறங்கியிருக்கிறார். நல்லதுதானே என்று இருந்துவிட்டோம். பருமன் மூளையைப் பாதிக்கும் என்கிறார்களே, இது அதுதானா? இன்னும் 10 கிலோ குறைத்தால் ஞாபகம் தெளியுமா?

முதுமை_மருத்துவன்

முதலில் அந்த 5 கிலோவைப் பாருங்கள். 83-ல் அது 6 சதவீதம். முயற்சி எதுவும் இல்லாமல் 6 முதல் 12 மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினால் காரணம் தேடியே ஆக வேண்டும், ஆள் பருமனாக இருந்தாலும் சரி. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதது, தைராய்டு, மனச்சோர்வு, பல் வலி, புற்றுநோய், சாப்பிட்டோமா என்பதே மறந்துபோவது எனப் பட்டியல் நீளம். காரணம் தெரியும்வரை "இன்னும் 10 கிலோ" பேச்சையே எடுக்காதீர்கள்.

பருமனுக்கும் மறதிக்கும் தொடர்பு உண்டு. ஆனால் எந்த வயதில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லண்டன் அரசு ஊழியர்கள் சுமார் 10,000 பேரை 1985 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், 50 வயதில் பருமனாக இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டிமென்ஷியா (மறதி நோய்) அதிகம் வந்தது. 60, 70 வயதில் எடுத்த எடையில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ 8 வருஷம் முன்பிருந்தே டிமென்ஷியா வந்தவர்களுக்கு எடை இறங்கத் தொடங்கியிருந்தது. "வயதானவர்களுக்குப் பருமன் மூளையைக் காக்கும்" என்று சிலர் பகிர்வது இதைத் தலைகீழாகப் படித்ததால் வந்த வினை. மெலிந்ததால் நோய் வரவில்லை, உள்ளே வளரும் நோயே மெலிய வைக்கிறது.

நடுவயதுப் பருமன் செய்யும் கெடுதல் பெரும்பாலும் பிபி, சர்க்கரை, வயிற்றுக் கொழுப்பு கிளப்பும் அழற்சி ஆகியவை வழியாக மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் இறங்குகிறது. அதில் முதலில் அடிபடுவது வேகமும் திட்டமிடலும். நீங்கள் சொல்லும் கணக்கு மந்தம் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் "பழையது ஞாபகம் இருக்கிறது" என்று ஆறுதல்பட வேண்டாம், டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமரின் ஆரம்பத்திலும் பழையது அப்படியேதான் இருக்கும். ஞாபகம், கவனம், திட்டமிடல் ஆகியவற்றை அளக்கும், 30 மதிப்பெண் கொண்ட மோகா (MoCA) சோதனையை அவருக்குப் பழகிய மொழியில், கண்ணாடியும் காது மெஷினும் தேவையென்றால் அவற்றோடு எடுக்கச் சொல்லுங்கள். 26-க்குக் கீழ் வந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை தேவை என்றுதான் அர்த்தம், அதுவே நோய் முடிவு ஆகாது. பள்ளிப் படிப்பு குறைவென்றால் மதிப்பெண் இயல்பாகவே இறங்கும்.

இது மாதக்கணக்கில் வந்த மாற்றம் என்பதால் நிதானமாகப் பார்க்கலாம். ஓரிரு நாளில் திடீரென்று குழம்பினால் அது டெலிரியம், அன்றே மருத்துவமனை.

மருந்தாளர்_கே

மேலே சொன்னதோடு மருந்துச் சீட்டையும் மேசையில் வையுங்கள். எனக்கு உறுத்துவது கிளிமிபிரைடு. எடை இறங்கி, சாப்பாடும் குறைந்து, டோஸ் மட்டும் அப்படியே இருந்தால் சர்க்கரை தாழும். இளவயதில் வரும் வியர்வை, நடுக்கம் முதியவர்களுக்கு வராமலே போகலாம். வெறும் குழப்பமும் தூக்கமுமாகத்தான் தெரியும். மதியச் சாப்பாட்டுக்கு முன், மாலையில், பிறகு மந்தமாக இருக்கும் அந்த நேரத்திலேயே ஒரு முறை என குளூக்கோமீட்டரில் ஒரு வாரம் எழுதி வையுங்கள். 70-க்குக் கீழ் ஒருமுறை வந்தாலும் மருத்துவரிடம் டோஸ் பற்றிப் பேச வேண்டும். மாத்திரை போட்டது மறந்து இரண்டாவது தடவை போடுவதும் இதே ஆபத்துதான், கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி இன்றே வாங்குங்கள்.

மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையும். அதோடு நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போன்றதும் ஓடினால் இன்னும் குறையும். ரிப்போர்ட்டில் 200-க்கும் 300-க்கும் இடையில் வந்து "நார்மல்" என்று அச்சாகியிருந்தாலும் விடாதீர்கள், பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மீத்தைல்மலோனிக் அமிலத்தைப் பார்த்தால் தெளிவாகும். அலர்ஜி மாத்திரை, தூக்க மாத்திரை, சிறுநீர் அடங்க ஆக்ஸிபியூட்டினின், நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், இவற்றில் எதாவது உண்டா? எல்லாமே யோசனையை மழுங்கடிப்பவை. ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பவித்ரா_எம்

தூக்க மாத்திரை பாதி போடுகிறார்! குறட்டை நடுவில் நின்று, பிறகு திணறுகிற மாதிரி சத்தம் வருகிறது.

தூக்க_ஆய்வகம்

அப்படியானால் தூக்கத்தில் மூச்சுத் தடையா என்று பார்த்தே ஆக வேண்டும். 10 விநாடியாவது மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் கணக்கிட்டு, மணிக்கு 15 தடவைக்கு மேல் என்றால் மிதமானது, 30-ஐத் தாண்டினால் கடுமையானது. ஒரு நிமிஷம் போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் மருத்துவருக்கு வேலை சுலபம். தூக்க மாத்திரை தொண்டைத் தசையைத் தளர்த்தித் தடையைக் கூட்டக்கூடும். பல நாள் போட்டதைச் சட்டென்று விட்டாலும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி கொடுத்தால் பலர் இரண்டாம் வாரம் மூலையில் வைத்துவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் முகமூடி அளவு. காற்று கண் பக்கம் கசிந்தால் அளவை மாற்றுங்கள், வாய் உலர்ந்தால் ஈரப்பதமூட்டி சேருங்கள். இரவுக்கு 4 மணி நேரமாவது மாட்டினால்தான் பகல் தூக்கம் விலகும். கவனம் கொஞ்சம் தேறும். ஞாபகம் முழுக்கத் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன்.

செல்வா_77

இப்போது எடைக் குறைப்பு ஊசி இருக்கிறதே, அது மூளைக்கும் நல்லதாமே?

முதுமை_மருத்துவன்

செல்வா, ஆரம்பநிலை அல்சைமர் உள்ளவர்களிடம், அந்த ஊசியில் இருக்கும் மருந்துகளில் ஒன்றான செமாகுளூடைடைச் சோதித்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு 2025 நவம்பரில் வந்தது. நோயின் வேகம் குறையவில்லை. தானாகவே மெலிந்துகொண்டிருப்பவருக்குப் பசியை அடக்கும் ஊசி இப்போது வேண்டவே வேண்டாம்.

இயன்முறை_ஜெ

எடையைவிடத் தசையைப் பாருங்கள். பருமன் மேலே மறைக்க, உள்ளே தசை கரைந்திருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் தசை பலம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வாரம் 3 நாள், ஒரு சுற்றுக்கு 8 வீதம் இரண்டு சுற்று இதையே பயிற்சியாகச் செய்யலாம். கை ஊன்றாமல் முடியாவிட்டால் மேலே ஒரு கெட்டியான மெத்தை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். நடை 10 நிமிஷமாகத் தினம் மூன்று தடவை. புரதம் வேளைக்கு 20 முதல் 25 கிராம், சிறுநீரக ரிப்போர்ட் பார்த்த பிறகு.

தொடங்கும் முன் படுக்கவைத்து ஒரு பிபி, எழுந்து நின்று மூன்றாவது நிமிஷத்தில் ஒரு பிபி. மேல் எண் 20 இறங்கினால் முதலில் பிபி மாத்திரையை மருத்துவர் பார்க்கட்டும், பயிற்சி அதற்குப் பிறகு.