கொரியாவின் பெக்துதேகான் மலைத்தொடரில் நடந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். தென் கொரியாவின் தேஜான் நகரில் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம், ஓர் அக்டோபரில் தொடரின் தென்முனையான ஜிரிசான் மலை ஏறினேன். அடிவார ஊரான ஜுங்சான்ரியிலிருந்து சொன்வாங்போங் உச்சிக்கு 5.4 கி.மீ.தான், ஆனால் வழியெல்லாம் படியும் பாறையும். 1,915 மீட்டர் உயரத்தில் ஒரு கல். கொரியர்களின் உள்ளுரம் இங்கே ஊற்றெடுக்கிறது என்று அதன் பின்பக்கம் பொறித்திருக்கிறார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். வெள்ளரிக்காயை ஒடித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். அப்புறம் வடக்கே கை காட்டி, "இங்கிருந்து பெக்துசான் வரை ஒரு ஓடையைக்கூடத் தாண்டாமல் முகட்டிலேயே நடக்கலாம்" என்றார். பெக்துசான் இருப்பதோ வட கொரிய-சீன எல்லையில். எனக்குப் புரியவில்லை. குச்சியால் மண்ணில் கோடு போட்டார். மழைநீரை இரண்டு பக்கமும் பிரித்துவிடும் அந்த முகடுதான் பெக்துதேகான், சுமார் 1,400 கி.மீ. நீளம். ஜொசொன் அரச வம்சக் காலத்துச் 'சான்க்யோங்ப்யோ' நூலில் மலைகளை வம்சாவளி மாதிரியே எழுதியிருப்பார்களாம்: எந்த மலைக்கு எது பிள்ளை என்று.

"எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது" என்றார். 1903இல் ஜப்பானிய நிலவியலாளர் கோதோ புஞ்ஜிரோ பாறை அமைப்பை வைத்து மலைகளை வேறு விதமாகப் பிரித்தார். அந்தப் பிரிவுதான் பாடத்தில் நிலைத்தது. 1980களில்தான் பழைய பெயர் மக்கள் வாயில் திரும்பி வந்தது. 2003இல் அதைக் காக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். இறங்கும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெயர் போனால் மலை போகாது, ஆனால் ஒரே தொடராக அதைப் பார்க்கும் கண் போய்விடுகிறது.

பெரியவரின் அம்மா வடக்கில் பிறந்தவர். 2,744 மீட்டர் பெக்துசானைப் பெரியவர் சீனா வழியாகப் போய்ப் பார்த்துவிட்டாராம். "பஸ்ஸில் போனேன்" என்று மட்டும் சொன்னார்.

*

நான் மேலே ஏறியவளில்லை, மறுமுனையைப் பார்த்தவள். தென் கொரியாவுக்குள் நடப்பவர்கள் வட கொரிய எல்லைக்கு அருகே ஜின்புர்யோங் கணவாயில் முடிக்கிறார்கள். முகடு அங்கே நிற்பதில்லை, வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. ஆனால் அதற்கப்பால் ராணுவப் பகுதி. பல வருடமாக வார இறுதிகளில் துண்டு துண்டாக நடந்து முடித்த ஒரு குழு அன்று அங்கே வந்து சேர்ந்தது. பெக்துதேகான் என்று எழுதிய கல்லைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மா அழுதார். எல்லோரும் படம் எடுத்து முடித்த பிறகும் அவர் வடக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய தோழிகள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.