தண்ணீரைச் சோதிக்க நிதி உண்டு, மாசின் மூலத்தைத் தேட நிதி இல்லை: வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து:

2013ஆம் ஆண்டில் எங்கள் பகுதியின் சில தெருக்களில் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் பெட்ரோலியப் பொருள் கலந்து வந்தது பலருக்கும் நினைவிருக்கும். நிலத்தடியில் செல்லும் எரிபொருள் குழாயில் ஏற்பட்ட கசிவு என்று அது அடையாளம் காணப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு சென்றது. அந்தத் தெருக்காரர்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மூக்குக்கே பிடிபட்டுவிடும் மாசு என்பதால், எங்கிருந்து வந்தது என்ற விசாரணையாவது அங்கே நடந்தது. மணமில்லாத மாசுக்கு அந்த வாய்ப்பும் இல்லை என்பதை எங்கள் தெருவில் கற்றுக்கொண்டோம்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் அரசு ஆய்வகம் ஒன்றில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்தோம். கரைந்துள்ள திடப்பொருள், வேறு வழியில்லாதபோது ஏற்கத்தக்கது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரம்பையும், நைட்ரேட் 45 மில்லிகிராம் வரம்பையும் தாண்டியிருந்தன. ‘குடிக்க உகந்ததல்ல’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அரிசி களையும்போதே தெரிந்துவிட்ட செய்தி. எங்களுக்கு வேண்டியிருந்தது, இந்த நைட்ரேட் பழைய கழிவுநீர்க் குழாயிலிருந்து வந்ததா, கால்வாயிலிருந்து வந்ததா, உப்பு கடலிலிருந்து ஏறியதா என்ற விடை. அங்கிருந்த அலுவலர் மரியாதையாகவே பதில் சொன்னார்: “என்ன இருக்குன்னு பாக்கத்தான் சார் எங்களுக்கு ஃபண்ட். எங்கேருந்து வந்துதுன்னு பாக்கணும்னா அது தனி ஸ்டடி.” அந்தத் தனி ஆய்வை யார் செய்வார்கள் என்று கேட்டுச் சென்ற இடங்களிலெல்லாம் இன்னொரு அலுவலகத்தையே காட்டினார்கள். மற்றப் பகுதிகளில் இந்தக் கேள்விக்கு யாருக்காவது விடை கிடைத்திருந்தால் எழுதுங்கள்.

கொடுங்கையூரிலிருந்து:

ஐயா எழுதியதைப் படித்தபோது எங்கள் கதையையே படித்ததுபோல் இருந்தது. எங்களுக்குக் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. குப்பைமேட்டைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது? தெருவாசிகளிடம் பணம் திரட்டித் தனியார் ஆய்வகத்தில் சோதித்தோம். அம்மோனியாவும் குளோரைடும் அதிகம் என்று அறிக்கை வந்தது. ஆனால் சாக்கடைத் தண்ணீர் இறங்கினாலும் இவ்விரண்டும் கூடத்தான் செய்யும், இங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது, கேப்டன் காட்டன் கால்வாயும் தொலைவில் இல்லை என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. தவிரவும், 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி, கழிவு வெளியேறும் இடத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் முறைப்படி எடுத்த மாதிரிக்குத்தான் வழக்கில் சான்று மதிப்பு. நாங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனதற்கு இல்லை. நிதி திரட்டினாலும் அதிகாரத்தைத் திரட்ட முடியாது என்பது எனக்குப் புரிந்த இடம் அது.

மீஞ்சூரிலிருந்து:

ஐயா கேட்டதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு விடை இருக்கிறது. அரசுப் பணத்தில் மாசின் மூலத்தைத் தேடி, கண்டுபிடித்து, அதற்காகச் சட்டமும் இயற்றிய நிகழ்வு வடசென்னைக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. 1960களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையை ஆராய்ந்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் கிணற்று வயல்களை, அதாவது தண்ணீர் இறைக்கும் கிணறுகளின் தொகுப்புகளை, அமைத்தார்கள். சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் இந்தத் தண்ணீர்தான் சென்றது. இறைக்க இறைக்க உப்பு ஏறியது. கண்காணிப்புக் கிணறுகள் வைத்து ஆண்டுதோறும் அளந்ததால்தான், 1969இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த கடல்நீர், 1983இல் 7 கிலோமீட்டருக்கும், 1987இல் 9 கிலோமீட்டருக்கும் உள்ளே வந்துவிட்டது என்று சொல்ல முடிந்தது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்ததும் அதே 1987இல்தான்.

இதில் எனக்கு ஒரு மனக்கசப்பும் உண்டு. இவ்வளவு கவனமாக அளந்தது எங்கள் நெல் வயல்கள் கருகியதற்காக அல்ல. கெட்டது அரசின் சொந்தக் கிணறு. பாதிக்கப்பட்டவர் அரசாக இருந்தால் ஆய்வுக்கு நிதி கிடைக்கிறது, ஒரு தெருவாக இருந்தால் லாரித் தண்ணீர் கிடைக்கிறது. லாரிக்கு ஆகும் செலவும் பொதுப்பணம்தான், அதுவும் ஆண்டுக்கணக்கில்.

பெரம்பூரிலிருந்து (நிலத்தடி நீர்ப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன்):

மூவர் எழுதியதும் உண்மை என்பதால், அந்தத் ‘தனி ஆய்வு’ என்பது என்ன, அதற்கு ஏன் பணம் ஆகிறது என்பதை விளக்குவது உதவும் என்று நினைக்கிறேன். ஒரு கிணற்றுத் தண்ணீரைச் சோதிப்பது ஒருவரின் உடல் வெப்பத்தைப் பார்ப்பது போன்றது. காய்ச்சல் இருப்பது தெரியும், காரணம் தெரியாது. காரணம் தெரிய வேண்டுமானால், முதலில் ஒரு வட்டாரத்தில் பல கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே காலத்தில், கடல் மட்டத்தை அடிப்படையாக வைத்து அளந்து, தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று வரைபடம் போட வேண்டும். வடசென்னையின் கரையோரம் மணற்பாங்கானது. கோடையில் எல்லோரும் மோட்டார் போட்டு இறைத்தால் அந்தத் திசையே மாறிவிடக்கூடும் என்பதால், ஒரு முறை அளந்ததை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தவறாகப் போகும்.

அடுத்தது வேதியியல். கடல்நீரில் குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம் எடையளவில் ஏறத்தாழ 290 என்ற அளவில் நிலையாக இருக்கும். சமையல் உப்பில் புரோமைடு மிகக் குறைவு என்பதால் சாக்கடையில் அந்த விகிதம் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆகவே தண்டையார்பேட்டை நண்பரின் உப்பு கடலிலிருந்து ஏறியதா, கழிவுநீரிலிருந்து இறங்கியதா என்பதை ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும். நைட்ரேட் உரத்திலிருந்து வந்ததா, மனிதக் கழிவிலிருந்து வந்ததா என்பதை நைட்ரஜன், ஆக்சிஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) காட்டும். ஆனால் அதற்கான கருவி சில ஆராய்ச்சி நிறுவனங்களில் மட்டுமே இருக்கிறது, வட்டார ஆய்வகத்தில் கிடையாது. எரிபொருள் கசிவு என்றால் வேலை இன்னும் நுணுக்கமானது: எண்ணெய் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும், மழைக்காலத்தில் அதனோடு ஏறும், கோடையில் இறங்கும், இரண்டுக்கும் இடைப்பட்ட மணலிலெல்லாம் படியும். குழாயை அடைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வாடை வருவது இதனால்தான்.

நிதி விஷயத்துக்கு வருகிறேன். 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆலைகளும் உள்ளாட்சிகளும் செலுத்திய தண்ணீர்த் தீர்வையின் பெரும்பகுதி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குத் திரும்பி வந்தது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. இப்போது வாரியங்கள் பெரிதும் நம்பியிருப்பது ஆலைகள் இயங்க அனுமதி பெறுவதற்காகக் கட்டும் இசைவுக் கட்டணத்தை. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களிடமிருந்து வரும் வருவாய் அது. நிலத்தடி நீருக்கான மத்திய அரசின் அடல் பூஜல் திட்டம் ஏழு மாநிலங்களில் தொடங்கியது. அந்த ஏழில் தமிழ்நாடு இல்லை, அதன் முதன்மை நோக்கமும் நீரின் அளவே. ஜல் ஜீவன் திட்டத்தில் தரக் கண்காணிப்புக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் அது ஊரகங்களுக்கானது. 2009ஆம் ஆண்டின் தொழிற்பகுதி மாசுக் குறியீட்டில் 76.32 மதிப்பெண்ணோடு கடுமையாக மாசுபட்டதாக மணலி அறிவிக்கப்பட்ட பிறகும், ஒரு தெரு கேட்கும் கேள்விக்கு நிரந்தரமான நிதித் தலைப்பு இல்லை.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல கொள்கைதான்; ஆனால் மாசுபடுத்தியவர் யார் என்று நிறுவிய பிறகுதான் அது வேலை செய்யும். 2025இல் அறிவிக்கப்பட்ட மாசடைந்த தலங்கள் குறித்த விதிகள், பொறுப்பாளியைக் கண்டறியும் கடமையை மாநில வாரியத்திடம் கொடுத்திருக்கின்றன. கண்டறிய முடியாவிட்டால் சீரமைப்புச் செலவு மத்திய, மாநில அரசுகளின் தலையில் விழும். ஆகவே முதலில் பொதுப்பணத்தில் மூலத்தைத் தேடிவிட்டு, தேடிய செலவையும் சேர்த்துப் பொறுப்பாளியிடம் வசூலிப்பதே கணக்குப் பார்த்தாலும் அரசுக்கு லாபம். மனுவில் ‘தண்ணீரைச் சோதியுங்கள்’ என்று எழுதாமல், இந்த விதிகளைக் குறிப்பிட்டு ‘மூலத்தைக் கண்டறியுங்கள்’ என்று கேளுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து:

சார், விளக்கத்துக்கு நன்றி. அதிகாரிகள் வரும்வரை காத்திருக்காமல் நாங்களே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? மாதிரி எடுப்பதானால் மழைக்கு முன்பா, பின்பா?

பெரம்பூரிலிருந்து:

இரண்டு காலமும் வேண்டும், தம்பி. மே மாதத்தில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு முறை, அதே கிணறுகளில் மாதிரி எடுங்கள், நீர்மட்டத்தையும் அளந்து எழுதி வையுங்கள். யார் வீட்டு போர் எத்தனை அடி, எந்த ஆண்டு போட்டது, தோண்டும்போது மணல் எத்தனை அடியில் முடிந்து களிமண் தொடங்கியது என்பதைப் போர் போட்டவர்களிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த அலுவலகத்திலும் கிடைக்காது. சோதனைக்கு எடுக்கும்போது நேரடியாகக் குழாயிலிருந்து, சற்று நேரம் மோட்டாரை ஓடவிட்ட பிறகு எடுக்க வேண்டும், மாடித் தொட்டியிலிருந்து எடுக்கக் கூடாது. எரிபொருள் சந்தேகம் இருந்தால் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், கண்ணாடிப் பாட்டிலில் காற்று இல்லாமல் வாய்வரை நிரப்பி மூடி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.