உள்ளிட்ட விகிதம் 3.55, பொருத்தலில் வருவது 3.2: இரும்பு 16+ நிறமாலையின் கணினிப் பாவனையில் உதவி தேவை

உப்புவெளியான்:

வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்புகளுக்குப் பௌதிகவியல் கற்பித்துக்கொண்டே முதுமாணிக் கற்கையையும் தொடர்கின்றேன். இலத்திரன் கற்றை அயன் பொறியில் அடைத்த இரும்பு 16+ அயன்கள் (பதினாறு இலத்திரன்களை இழந்த இரும்பு) மீது சிங்குரோத்திரன் என்ற துணிக்கை வளையத்தின் எக்ஸ் கதிரைச் செலுத்தி, போட்டோன் சக்தியைச் சிறிது சிறிதாக மாற்றிச் செல்லும்போது வெளிப்படும் புளோரொளிர்வை எண்ணும் பரிசோதனையை, ஆய்வுகூடம் எதுவும் கைக்கெட்டாத நிலையில், பைதன் நிரலாக எழுதியுள்ளேன். 826 இலத்திரன்வோல்ற்றில் உள்ள 3சி கோட்டுக்கும் 812இல் உள்ள 3டி கோட்டுக்கும் இடையிலான அலையி வலிமை (கோடு ஒளியை உறிஞ்சும் வலு) விகிதமாக 3.55ஐ உள்ளிட்டேன். கோடுகளின் இயற்கை அகலங்களோடு, கருவியின் பிரிவலுவாக (நெருங்கிய சக்திகளைப் பிரித்தறியும் திறன்) 40 மில்லி இலத்திரன்வோல்ற்று அகலமுடைய கௌசியன் வளையியைச் சேர்த்து, மாறாப் பின்னணியோடு எழுமாற்று இரைச்சலையும் இட்டேன். பின்னர் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கௌசியனைப் பொருத்திப் பரப்புகளைப் பிரித்தால் 3.2 அளவிலேயே விடை நிற்கிறது. எண்ணிக்கையைக் கூட்டினால் வழு குறைகிறதே தவிர, விடை மேலே ஏறுவதாக இல்லை.

இன்னொன்று: கற்றைக்கு மேலே ஓர் உணரியும், அதே கிடைத்தளத்தில் பக்கவாட்டில் மற்றோர் உணரியும் வைத்திருக்கிறேன். பக்கத்து உணரியில் பின்னணியைத் தவிர ஒன்றுமே பதிவாகவில்லை. இதுவும் நிரலின் கோளாறுதானா?

கொட்டியாரத்தான்:

தம்பி, ஸ்ரான்போர்ட்டின் எல்.சி.எல்.எஸ். கட்டற்ற இலத்திரன் லேசரில் இதே கோடுகளை அளந்து 2012இல் வெளியிட்டபோது விகிதம் 2.61 என்றுதான் வந்தது. துடிப்பு மிகச் செறிவாக இருந்தால் அயனின் சனத்தொகை (ஒவ்வொரு சக்தி மட்டத்திலும் உள்ள அயன்களின் பங்கு) நேர்கோட்டு விதியை மீறி அசையும் என்றும், அதனால் வலுவான கோடு கூடுதலாகப் பாதிக்கப்படும் என்றும் 2014இல் கோட்பாட்டு விளக்கம் ஒன்று வெளியானது. அந்தப் பகுதியை நிரலில் சேர்த்துப் பாருங்கள்.

எல்பேக்கரை:

கொட்டியாரத்தான் ஐயா சொல்லும் விளைவு லேசர்த் துடிப்புக்குப் பொருந்தலாம்; சிங்குரோத்திரனின் செறிவு அதற்குப் பன்மடங்கு கீழே இருப்பதால் இங்கே அதைத் தேட வேண்டியதில்லை. மேலும், ஆசிரியர் அவர்கள் தம் நிரலில் அதை எழுதவே இல்லை. எழுதாத ஒன்று விடையைக் குறைக்க வழியில்லை என்பதால், பொருத்தலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான் ஹம்பேர்க்கில் இத்துறையில் படிப்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

உங்கள் கோடுகள் தூய கௌசியன்கள் அல்ல. மேல்மட்டத்தின் ஆயுட்காலம் குறுகியதாக இருப்பதால் ஒவ்வொரு கோட்டுக்கும் இயற்கை அகலம் உண்டு. அது லொரன்சியன் வடிவில் இருபுறமும் நீண்ட சிறகுகளை விரிக்கும். 3சிக்கு அந்த அகலம் ஏறத்தாழ 14 முதல் 15 மில்லி இலத்திரன்வோல்ற்று. 3டிக்கு ஏறத்தாழ 4 மட்டுமே. கௌசியனைப் பொருத்தும்போது சிறகுகளில் உள்ள எண்ணிக்கையைப் பின்னணி விழுங்கிவிடுகிறது. அகலமான 3சி கூடுதலாக இழக்கிறது, 3டி சொற்பமாகவே இழக்கிறது. ஆகவே விகிதம் எப்போதும் கீழ்நோக்கியே சாயும். இது முறைசார் வழு. எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் தீராது.

மெய்யான பரிசோதனையும் இதே இடத்தில்தான் இடறியது என்பதால் உங்கள் நிரல் தவறாமல் நடந்துகொள்கிறது என்றே சொல்வேன். இங்குள்ள பெட்ரா 3 சிங்குரோத்திரனில் பெற்று 2020இல் வெளியிடப்பட்ட பெறுமானம் 3.09. அதே குழு பிரிவலுவை இரண்டரை மடங்கும், இரைச்சலுக்கு எதிரான சைகையை ஆயிரம் மடங்கும் உயர்த்தி, முன்னர் பின்னணியிலிருந்து பிரித்தறிய முடியாதிருந்த சிறகுகளையும் கணக்கில் எடுத்து 2022இல் அறிவித்தது 3.51, அவர்களின் கோட்பாட்டுக் கணிப்பு நீங்கள் உள்ளிட்ட அதே 3.55. இந்த விகிதத்தில் கோட்பாட்டுக்கும் அவதானிப்புக்கும் இடையே இருந்து, பல பத்தாண்டுகளாக வானியலாளர்களைக் குழப்பிய வேறுபாடு இப்படித்தான் தீர்ந்தது.

எனவே கௌசியனும் லொரன்சியனும் கலந்த வோய்ட் வடிவத்தைப் பொருத்துங்கள். கௌசியன் அகலத்தை இரு கோடுகளுக்கும் பொதுவாக வைத்து, லொரன்சியன் அகலங்களை மட்டும் தனித்தனியே விடுவியுங்கள். அலகிடும் வீச்சையும் இருபுறமும் பல நூறு மில்லி இலத்திரன்வோல்ற்றுக்கு விரியுங்கள். இல்லையேல் சிறகும் பின்னணியும் ஒன்றையொன்று ஈடுசெய்து ஏமாற்றும்.

பக்கத்து உணரியில் கோளாறு இல்லை. கற்றை கிடையாக முனைவாக்கப்பட்டிருக்கிறது. தரை நிலையின் கோண உந்தம் பூச்சியம், மேல்நிலைக்கு ஒன்று. அயன் மீண்டும் தரைக்கே இறங்குகிறது. அப்போது முனைவாக்கத் திசையில் ஒளி வெளிப்படாது, அதற்குச் செங்குத்தான மேற்புறத்திலேயே உச்சமாக இருக்கும். இரு கோடுகளுக்கும் இது பொது என்பதால் விகிதம் மாறாது.

கொட்டியாரத்தான்:

தெளிவான விளக்கம், பிள்ளை. என் யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த 40 மில்லி என்ற எண் ஒற்றைநிறமாக்கிக்கு (கற்றையிலிருந்து ஒரே சக்தியைத் தெரிவுசெய்யும் கருவி) மட்டுமா? பொறிக்குள் அயன்கள் சும்மா நிற்பதில்லையே.

எல்பேக்கரை:

நல்ல கேள்வி, ஐயா. அயன்களின் வெப்பநிலை 20 இலத்திரன்வோல்ற்றாக இருந்தாலே அவற்றின் அசைவால் கோடு அகலும் டொப்ளர் விரிவு 826இல் 38 மில்லி வரை வந்துவிடும். ஒற்றைநிறமாக்கியை எவ்வளவு மேம்படுத்தினாலும், பொறியின் ஆழத்தைக் குறைத்துச் சூடான அயன்களைத் தப்பவிட்டு மீதியைக் குளிரச் செய்யாவிட்டால் பயனில்லை. நிரலில் இரண்டையும் வர்க்கங்களின் கூட்டுத்தொகையாகச் சேர்க்கலாம்.

உப்புவெளியான்:

இருவருக்கும் நன்றி. வோய்ட் வடிவத்துடனும் விரித்த வீச்சுடனும் விடை வழுவெல்லைக்குள் 3.55க்கு வந்துவிட்டது, லொரன்சியன் அகலங்களும் உள்ளிட்டபடியே மீண்டன. அடுத்து இரும்பு 15+ அயன்களையும் பொறிக்குள் சேர்க்க எண்ணுகிறேன். அவற்றைப் புறக்கணித்தால் எந்த அளவுக்குப் பாதிக்கும்?

எல்பேக்கரை:

புறக்கணிக்க வேண்டாம். 3டியை ஒட்டியே இரும்பு 15+ இன் கோடு ஒன்று விழுகிறது. இலத்திரன் மோதலால் கோடுகளைத் தூண்டும் பரிசோதனையில், 15+ இன் பங்கு கூடும்போது தோற்ற விகிதம் இறங்குவதை 2001இல் லிவர்மோர் ஆய்வுகூடத்தின் பொறி காட்டியது. உங்கள் பாவனையில் அக்கோட்டுக்குத் தனி உறுப்பு ஒன்றைக் கொடுத்து, அதன் பரப்பை 15+ இன் விலகி நிற்கும் மற்றக் கோடுகளோடு பிணைத்து விடுங்கள். அப்போது 3டியின் பரப்பில் கலப்படம் எவ்வளவு என்பதைப் பொருத்தலே சொல்லும்.