முதல் வருஷப் பசங்களுக்கு ஒரே ஒரு லைப்ரரி கிளாஸ், 40 நிமிஷம்: நீங்க என்ன நடத்துறீங்க?

அலமாரி_சாவி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு எய்டட் ஆர்ட்ஸ் காலேஜ்ல லைப்ரரியனா இருக்கேன், 9 வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் ஜூலை வந்தா ஓரியண்டேஷன்னு சொல்லி ஒவ்வொரு டிபார்ட்மெண்ட் பசங்களையும் 40 நிமிஷம் என்கிட்ட அனுப்புவாங்க, அந்த ஒரு தடவைதான், அப்புறம் மூணு வருஷமும் கிளாஸ்னு எனக்கு ஒரு மணி நேரம்கூட கிடையாது. என்கிட்ட 34 ஸ்லைடு பிபிடி ஒண்ணு இருக்கு. லைப்ரரி டைமிங், எத்தனை புக் எடுக்கலாம், ஃபைன் எவ்வளவு, ஓபாக்ல (லைப்ரரியோட கம்ப்யூட்டர் கேட்டலாக்) எப்படித் தேடணும், இ-ஜர்னல், இ-புக் எல்லாம் படிக்கற என்-லிஸ்ட் தளத்துக்கு ஐடி எப்படி வாங்கணும்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிடும்.

போன செமஸ்டர்ல மூணாவது வருஷப் பொண்ணு ஒருத்தி ப்ராஜெக்ட்டுக்காக வந்தா. "மேம், என்-லிஸ்ட்னா என்ன"ன்னு கேட்டா. அவ பேட்ச்சுக்கு கிளாஸ் எடுத்ததே நான்தான், ஐடி க்ரியேட் பண்ணிக் குடுத்ததும் நான்தான், எடுத்துப் பாத்தா மூணு வருஷத்துல ஒரு தடவைகூட லாகின் ஆகல. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அவ மேல தப்பு இல்லங்க, தேவையே இல்லாத ஒரு நாள்ல மூச்சு விடாம சொன்னத யாரு ஞாபகம் வெச்சுப்பாங்க.

வாட்ஸ்அப் க்ரூப்ல கேட்டேன், எல்லாரும் அன்பா அவங்கவங்க பிபிடிய அனுப்பினாங்க, 11 வந்துச்சு. எல்லாத்துலயும் நம்ம நாட்டு லைப்ரரி அறிவியலோட தந்தை ரங்கநாதன் படம், 1931ல லைப்ரரிக்குன்னு அவர் எழுதின அஞ்சு விதி, டைமிங், ஃபைன், அவ்வளவுதான், என்னோடதும் அப்படித்தான். அதனால பிபிடி வேணாம். கிளாஸ்ல நீங்க என்ன கேட்டீங்க, பசங்க என்ன பண்ணாங்க, எந்த இடத்துல சொதப்புச்சு, அதைச் சொல்லுங்க.

தசமப்புள்ளி:
மேடம், நான் பண்றது சின்ன விஷயம்தான், ஆனா நடக்குது. புக் முதுகுல ஒட்டுற லேபிள் மாதிரி கார்டு வெட்டி வெச்சிருக்கேன், ஆறு பேருக்கு ஒரு செட். ஒரு செட்ல அஞ்சு நம்பர்: 894.8111, 894.8113, 894.812, 894.814, 894.827. கலைச்சுக் குடுத்துட்டு "ஷெல்ஃப்ல இது எந்த வரிசையில நிக்கும்"னு மட்டும் கேப்பேன். புக்கை நம்பர் போட்டு வகைப்படுத்தற ட்யூயி முறை பத்தியெல்லாம் முன்னாடியே எதுவும் சொல்றதில்ல.

அனேகமா எல்லா டீமும் 812, 814, 827 வெச்சுட்டு கடைசியிலதான் 8111ம் 8113ம் வெப்பாங்க, ஏன்னா எட்டாயிரம் பெருசுல்ல. அப்பதான் சொல்லுவேன், புள்ளிக்கு அப்புறம் வர்றத மொத்தமா ஒரே நம்பரா படிக்காதீங்க, அகராதியில எழுத்து எழுத்தா பாத்துப் போவோம்ல, அந்த மாதிரி ஒவ்வொரு இலக்கமா பாத்துட்டுப் போங்கன்னு. திருப்பி அடுக்குவாங்க. அடுக்கி முடிச்சதும் கார்டைத் திருப்பச் சொல்லுவேன், பின்னாடி தமிழ்க் கவிதை, தமிழ்க் கதை, மலையாளம், கன்னடம், தெலுங்குன்னு இருக்கும். ஒரு பையன் "அப்ப நம்ம நாவல் பக்கத்துலயே மலையாள புக் இருக்குமா சார்"னு கேட்டுட்டு எழுந்து ஷெல்ஃபுக்கு ஓடிட்டான், நான் போகச் சொல்லவே இல்ல. மொத்தம் 12 நிமிஷம்தான் ஆகும்.

சொதப்பினதும் சொல்றேன். முதல் வருஷம் ஒரே ஒரு பெரிய சார்ட்ல பண்ணேன், முதல் பெஞ்ச் மட்டும் பேசுச்சு, மத்தவங்க வேடிக்கை பாத்தாங்க. அடுத்த வருஷம் 50 பேரையும் புக் எடுத்துட்டு வரச் சொன்னேன், அவங்களே திருப்பி வெச்சாங்க, அதை ஒழுங்குபடுத்த எங்க அட்டெண்டர் அண்ணனுக்கு ஒண்ணரை நாள் ஆச்சு. இப்பல்லாம் எடுத்தத மேஜை மேல வெச்சா போதும்னு சொல்லிடுறேன்.

மாடிப்படி_வாசகி:
நான் பிஜி, பிஹெச்டி பசங்களுக்கு எடுக்கறேன், தமிழ்த்துறை அதிகம். இங்க பெரிய தலைவலி தேடறதுதான். ஷோத்கங்கால (இந்திய யுனிவர்சிட்டி தீசிஸ் எல்லாம் இருக்கற தளம்) தமிழ்ல டைப் பண்ணித் தேடுவாங்க, கொஞ்சம்தான் வரும், உடனே "என் தலைப்புல யாருமே ஆராய்ச்சி பண்ணல மேடம்"னு சந்தோஷமா வந்து நிப்பாங்க. ஆனா பண்ணியிருப்பாங்க. பழைய தீசிஸ் நிறைய, இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் உருவம் குடுக்கற பாமினி மாதிரி ஃபாண்ட்ல அடிச்சது, இல்லன்னா ஸ்கேன் பண்ணது. கண்ணுக்குத் தமிழாத் தெரியும், கம்ப்யூட்டருக்கு அது தமிழ் இல்ல. தமிழ்நாடு அரசே, கம்ப்யூட்டர் தமிழைத் தமிழாவே படிக்கற யூனிகோடு முறைக்கு மாறினது 2010ல தானே, அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் இப்படித்தான் கிடக்கு. இதை வாயால சொன்னா ஏறாது. ஒரு பழைய பிடிஎஃப்ல இருந்து ஒரு வரிய காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டச் சொல்லுவேன். ஒட்டினதும் இங்கிலீஷ் எழுத்தும் ஸ்பெஷல் கேரக்டருமா கொட்டும், கிளாஸே ஒரு நிமிஷம் அமைதியாயிடும். அதுக்கப்புறம் நான் சொல்றத கேப்பாங்க.

அடுத்தது இங்கிலீஷ் ஸ்பெல்லிங். தொல்காப்பியத்தை டி மட்டும் போட்டு எழுதினவங்க ஒரு பக்கம், கூட ஹெச் சேர்த்தவங்க ஒரு பக்கம். சங்கம்ங்கறத நாம எஸ்ல ஆரம்பிப்போம், வெளிநாட்டு அறிஞர்கள் நிறைய பேர் சி போட்டு நடுவுல கே போட்டு எழுதியிருப்பாங்க. ஒரே சொல்லை எத்தனை விதமா எழுதலாம்னு ஜோடி ஜோடியா உக்காந்து லிஸ்ட் போடச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் எத்தனை ரிசல்ட் வருதுன்னு பக்கத்துலயே எழுத வெப்பேன். அந்த லிஸ்ட்டை தீசிஸ் முடியற வரைக்கும் நோட்டுல வெச்சுக்கறாங்க, அதுதான் எனக்கு நிறைவு.

உரைகல்:
அமெரிக்க காலேஜ் லைப்ரரியன் சங்கத்தோட 2016 ஃப்ரேம்வொர்க்ல ஆறு கருத்து இருக்கே, அதுல ஒண்ணு ஆராய்ச்சிங்கறது ஒரு உரையாடல்னு. இதை நம்ம பசங்களுக்கு எப்படிப் புரிய வெக்கறதுன்னு ரொம்ப நாள் முட்டிக்கிட்டிருந்தேன், கடைசில பதில் நம்ம உரையாசிரியர்கள்கிட்டயே இருந்துச்சு. பரிமேலழகர் உரையில "என்று உரைப்பாரும் உளர்"னு வர்ற இடம் ஒண்ண ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பேன். இந்தக் குறளுக்கு இப்படிப் பொருள் சொல்றவங்களும் இருக்காங்க, அது பொருந்தாது, ஏன்னா இதுன்னு போவாரு. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: இவர் யாரைச் சொல்றாரு?

பசங்க முழிப்பாங்க. பேர் இல்லையே. அப்ப பழைய உரைகளைத் தொகுத்த புக்கை மேஜை மேல வெச்சு தேடுங்கன்னு விட்டுடுவேன். மணக்குடவர் அப்படிச் சொன்னாரா, பரிதியார் சொன்னாரான்னு பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பாப்பாங்க. சில சமயம் கிடைக்கும், சில சமயம் யாருன்னே தெரியாமப் போகும். போன வருஷம் ஒரு பொண்ணு கடுப்பாகி "பேரைப் போட்டிருந்தா இவ்வளவு நேரம் ஆகியிருக்காதுல்ல சார்"ன்னு சொன்னா. அந்த இடத்துலதான் நான் அடிக்குறிப்புங்கற வார்த்தையையே எடுப்பேன். எம்எல்ஏ, ஏபிஏன்னு ரெஃபரன்ஸ் எழுதற முறைகள், கமா எங்க வரணும்ங்கறதெல்லாம் அப்புறம். தொல்காப்பிய உரையில சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கற இடத்தையும் இதே மாதிரி பண்ணலாம், ஆனா முதல் வருஷத்துக்கு அது கனம், எம்ஏவுக்கு வெச்சுக்கோங்க.

காமர்ஸ்_ப்ளாக்:
சார் அருமை, ஆனா எங்க காலேஜ்ல பாதிக்கு மேல பி.காம், அவங்களுக்கு உரையாசிரியர் குடுத்தா எழுந்து போயிடுவாங்களே. அவங்களுக்கு என்ன பண்றது?

உரைகல்:
நியாயமான கேள்வி. பி.காமுக்கு நான் ஷேர் மார்க்கெட்ல இருக்கற ஒரு கம்பெனி பேரைச் சொல்லி போன வருஷ லாபம் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கச் சொல்றேன், அஞ்சு நிமிஷம். துணை கம்பெனி வெச்சிருக்கற கம்பெனியா பாத்துக் குடுங்க. ரெண்டு மூணு வேற வேற தொகை வரும், சண்டை போட்டுப்பாங்க. ஆண்டறிக்கையைத் திறந்தா தனி கம்பெனிக்கு ஒரு கணக்கு, துணை கம்பெனி எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு, ரெண்டுமே இருக்கும், ரெண்டுமே சரி. பேப்பர்ல எந்த ஒண்ணைப் போட்டாங்க, ஏன் போட்டாங்கன்னு அங்கிருந்து பேச்சு தானா ஓடும்.

ரெஃபரன்ஸ்_டெஸ்க்:
இப்ப ஏஐ இல்லாம எந்த கிளாஸும் இல்ல, அதனால என்னோடது அது. சாட்ஜிபிடி கிட்ட ஒரு சின்னத் தலைப்பு குடுத்து அஞ்சு ரெஃபரன்ஸ் வாங்கி பிரிண்ட் எடுத்துடுவேன், ஆளுக்கு ஒண்ணு. ஜர்னல் நிஜமா இருக்கா, அந்த வால்யூம் அந்த வருஷத்துல வந்துச்சா, அந்தப் பக்கத்துல என்ன இருக்கு, டிஓஐ நம்பர் (ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்கற நிரந்தர அடையாள எண்) போட்டா எங்க போகுது, இவ்வளவுதான் வேலை. சில சமயம் அஞ்சும் நிஜமாவே இருக்கும், அப்பவும் கட்டுரையைத் திறந்து அது சொன்னது அதுல இருக்கான்னு பாக்கச் சொல்லணும், இந்த ரெண்டாவது படிய நான் ரொம்ப நாள் விட்டுட்டேன், விடாதீங்க. நியூயார்க்ல 2023ல ரெண்டு வக்கீல் இல்லாத தீர்ப்புகளை அது சொன்னபடியே கோர்ட்ல குடுத்து 5000 டாலர் அபராதம் கட்டின கதைய கடைசில சொல்லுவேன், முதல்லயே சொன்னா பயந்துடறாங்க, தேட மாட்டேங்கறாங்க.

அப்புறம் மேடம் பிபிடி பத்தி சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. லோயெக்ஸ்னு ஒரு அமைப்பு, 1971ல அமெரிக்காவுல ஈஸ்டர்ன் மிச்சிகன் யுனிவர்சிட்டில ஆரம்பிச்சாங்க, லைப்ரரி கிளாஸுக்கு ஒரு லைப்ரரி தயார் பண்ணத இன்னொரு லைப்ரரி வாங்கிப் பாக்கணும்னே ஆரம்பிச்சது. ப்ராஜெக்ட் கோரான்னு ஒரு தளம் இருக்கு, அசைன்மெண்ட்டை அப்படியே எடுத்து நம்ம கிளாஸுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். நமக்கு தமிழ்ல அப்படி ஒரு இடம் வேணும். வாட்ஸ்அப்ல போட்டா ரெண்டு நாள்ல குட் மார்னிங் மெசேஜுக்கு அடியில போயிடுது. ஒரு கூகுள் ட்ரைவ் ஃபோல்டர் ஆரம்பிக்கறேன், ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு பக்கம், நாலே கேள்வி: யாருக்கு எடுத்தீங்க, பசங்க கைய வெச்சு என்ன பண்ணாங்க, எத்தனை நிமிஷம் ஆச்சு, எங்க சொதப்புச்சு. நாலாவது காலியா இருந்தா சேர்க்க மாட்டேன், சொல்லிட்டேன்.

அலமாரி_சாவி:
ரெண்டு மாசம் கழிச்சு வரேன், மன்னிக்கணும், அட்மிஷன் வேலை. தசமப்புள்ளி சாரோட கார்டை பி.ஏ. ஹிஸ்டரிக்கு எடுத்தேன், 58 பேர், பத்து செட்டு. நம்பர் வரிசை நல்லாப் போச்சு, சத்தம் ஜாஸ்தி, அதைப் பத்தி எனக்குக் கவலையில்ல. ஏஐ ரெஃபரன்ஸ் தேடற இடத்துலதான் சொதப்புச்சு: எங்க வைஃபை 58 போனைத் தாங்கல, பாதிப் பேர் பக்கமே திறக்காம உக்காந்திருந்தாங்க. அடுத்த பேட்ச்சுக்கு நாலு பேருக்கு ஒரு போன், அதோட ரெண்டு ஜர்னலோட பைண்டட் வால்யூமை நேரா மேஜை மேலயே வெச்சுட்டேன், அச்சுல பக்கத்தைப் புரட்டி "மேம், இந்தப் பக்கத்துல வேற கட்டுரை இருக்கு"ன்னு ஒரு பையன் கத்தினான் பாருங்க, 9 வருஷத்துல என் லைப்ரரில அப்படி ஒரு குரல் நான் கேட்டதில்ல.

என்-லிஸ்ட்டை இந்தத் தடவை சொல்லவே இல்ல. அஞ்சாவது செமஸ்டர்ல ப்ராஜெக்ட் தலைப்பு குடுக்கற வாரத்துல அரை மணி நேரம் வேணும்னு ஹிஸ்டரி ஹெச்ஓடி மேடம்கிட்ட கேட்டேன், சரின்னுட்டாங்க. அதுக்கு என்ன நடத்தறதுன்னு ஒரு பக்கம் எழுதி ஃபோல்டர்ல போட்டிருக்கேன், நாலாவது கேள்வி இன்னும் காலி, கிளாஸ் முடிஞ்சதும் எழுதறேன். ரெஃபரன்ஸ் டெஸ்க் சார், அதுவரைக்கும் எடுத்துடாதீங்க.