டிரில் பிட்டின் பின்பக்கம் இறங்கியிருக்கிறதா பார்

பூச்சோங் தம்பி: [படம்]
மாமா, கேட்டுக்குப் புது தாழ்ப்பாள் மாட்ட ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட், 6 மி.மீ. டிரில் பிட். பாதியில் நின்றுவிட்டது. கிறீச்சென்று சத்தம் வருகிறது, புகை வருகிறது, ஓட்டை மட்டும் இறங்கவில்லை. விளிம்பைத் தடவினால் கூராகத்தான் இருக்கிறது. புது செட் வாங்கிவிடவா?

பெரிய மாமா: இப்போதே வாங்காதே. பிட்டைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இன்னொரு படம் போடு.

பூச்சோங் தம்பி: [படம்]

பெரிய மாமா: நினைத்தேன். இதை யாரோ ஏற்கெனவே சாணை பிடித்திருக்கிறார்கள். வெட்டுகிற விளிம்பு கூர்தான், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற பகுதி விளிம்பைவிட மேலே நிற்கிறது பார், அதுதான் முதலில் போய் இரும்பில் உட்காருகிறது. விளிம்பு இரும்பைத் தொடவே இல்லையென்றால் எப்படி வெட்டும், உரசிச் சூடாகத்தான் செய்யும். விளிம்பிலிருந்து பின்னால் போகப் போக 8 முதல் 12 டிகிரி வரை சரிந்து இறங்க வேண்டும். செந்தூல் ரயில் பட்டறையில் நான் வேலை பழகியபோது, பெரியவர்கள் பிட்டைக் கையில் வாங்கியதும் விரலால் தடவிப் பார்க்க மாட்டார்கள், இந்தச் சரிவைத்தான் பார்ப்பார்கள்.

கிள்ளான் சித்தப்பா: மச்சான், அதற்கென்றே சின்ன மெஷின் விற்கிறார்களே, பிட்டை உள்ளே விட்டுத் திருப்பினால் போதுமாம். பையனுக்கு அது சுலபமில்லையா?

பெரிய மாமா: வாங்கலாம் மச்சான், தப்பில்லை. ஆனால் எது சரியான முனை என்று கண்ணுக்குத் தெரியாதவனுக்கு அந்த மெஷின் சரியாகச் செய்ததா இல்லையா என்றும் தெரியாது. கையால் ஒரு தடவை பழகட்டும்.

தம்பி, 6 மி.மீ.யில் ஆரம்பிக்காதே. 10 அல்லது 12 மி.மீ. பழைய பிட் ஒன்றை எடு, பெரிதாக இருந்தால்தான் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். அரைத்த முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசு. சாணைக்கல் சுற்றுகிற கிரைண்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கல்லைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பிட்டைத் தொட வை. எங்கே மை போகிறதோ அங்கேதான் கல் தின்னும். அது பிடிபட்ட பிறகு கரண்ட் போடு.

விளிம்பு கிடைமட்டமாக இருக்கட்டும். பிட் கல்லின் முகத்துக்குச் சுமார் 59 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சேர்ந்தால் 118. விளிம்பைக் கல்லில் தொட்டவுடனே பிட்டின் வால் பக்கத்தை மெதுவாகக் கீழே இறக்கு, அழுத்தாதே, பம்ப் கைப்பிடியை இறக்குவது போல ஒரே இழுப்பு. வாலை மேலே தூக்கினால் பின்பக்கம் உயர்ந்து, இப்போது உன் கையில் இருக்கிற பிட் மாதிரியே ஆகிவிடும். அப்புறம் கையை அசைக்காமல் பிட்டை மட்டும் பாதி திருப்பி, மறுபக்கமும் அதே அளவு.

சிரம்பான் அக்கா: 118ஐ எப்படி அளப்பது மாமா, எல்லோர் வீட்டிலுமா கோணமானி இருக்கும்?

பெரிய மாமா: ஆறு பட்டை நட்டு இரண்டு எடும்மா, பட்டையோடு பட்டை ஒட்டி வை. நடுவில் விழுகிற பள்ளம் சரியாக 120. முனையை அதில் வைத்துப் பார்த்தால் போதும். கோணம் ஒன்றிரண்டு டிகிரி தவறினால் ஒன்றும் ஆகாது, இரண்டு விளிம்பும் சம நீளம் இல்லாவிட்டால்தான் வம்பு, ஓட்டை பிட்டைவிடப் பெரிதாகிவிடும். வெட்டும்போது இரண்டு பக்கமும் சுருள் வருகிறதா பார். ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஒரு விளிம்புதான் வேலை செய்கிறது.

பூச்சோங் தம்பி: சூடானால் தண்ணீரில் முக்கலாமா?

பெரிய மாமா: எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் கிட்டத்தட்ட 600 டிகிரி வரை தாங்கும், ஆனால் நன்றாகச் சூடான பிறகு தண்ணீரில் போட்டால் முனையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். சூடாகவே விடாதே, கொஞ்சம் அரை, நிறுத்து, ஆறட்டும்.

ஸ்டெயின்லெஸ் பற்றி இன்னொரு விஷயம். பிட் வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிப்போகும், அதே குழியில் நல்ல பிட் வைத்தாலும் வழுக்கும். முடிந்தால் மறுபக்கத்திலிருந்து போடு. வேகத்தைக் குறை, 6 மி.மீ.க்கு நிமிடத்துக்கு 600 சுற்று போதும், எண்ணெய் விடு, விடாமல் அழுத்து.

செந்தூல் அத்தை: துணி காயப் போட்ட இடத்தில் கிரைண்டரைப் போடாதே தம்பி. அந்தத் தூள் ஈரத் துணியில் விழுந்தால் துருப்புள்ளி ஆகிவிடும், பள்ளிச் சட்டை வெள்ளையில் அது போகவே போகாது.

சிரம்பான் அக்கா: சுவரில் போடுகிற பிட்டையும் இப்படியே செய்யலாமா?

பெரிய மாமா: கூடாது. அதன் முனையில் ஒட்டியிருப்பது கார்பைடு, எஃகைவிடக் கடினமான பொருள், சாதாரண சாம்பல் கல் அதைத் தின்னாது, பச்சைக் கல்லோ வைரக் கல்லோ வேண்டும். அதையும் 3 மி.மீ.க்குக் கீழே இருக்கிற பிட்டையும் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

பூச்சோங் தம்பி: சரி மாமா, 12 மி.மீ. பிட் ஒன்று இருக்கிறது. ஞாயிறு காலை கொண்டு வருகிறேன்.

பெரிய மாமா: வா. கையுறை வேண்டாம், சுற்றுகிற கல் அதைப் பிடித்து இழுத்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கொண்டு வா, என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.